புரையேறுதல்

உண்ணும்போது ஒருவருக்குப் புரையேறினால், யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுதல் நம் இல்லங்களின் வழக்கம். நினைப்பவரின் அன்பை யாம் மறுக்க வரவில்லை. ஆயினும், புரையேறுவதன் உண்மைக் காரணத்தைக் கற்றவரும் அறியாதிருத்தல் நன்றன்று என்பதே எம் கருத்து.

மூச்சு செல்லும் வழியும் உணவு செல்லும் வழியும் தொண்டையில் ஒன்றுகூடிப் பின் பிரிகின்றன. முன்புறத்தது மூச்சுக்குழல், பின்புறத்தது உணவுக்குழல். மென்ற கவளத்தை நாவானது பின்னே தள்ளும்வரை விழுங்குதல் நம் விருப்பத்தின் வயப்பட்டது. அப்பால் அது முகுளத்தின் ஆணைப்படி தானே நிகழ்வது. மெல்லண்ணம் உயர்ந்து நாசிவழியை அடைக்கும், குரல்வளை மேலெழும், அதன் மூடி கவியும், குரல்நாண்கள் நெருங்கும், மூச்சும் கணநேரம் நிற்கும். இவையனைத்தும் ஏறக்குறைய 1 விநாடியில் முடிவுறும். பின்னர், சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழல் அலையலையாய்ச் சுருங்கிக் கவளத்தை இரைப்பையில் சேர்க்கும்.

இத்துணை நுட்பமான ஒழுங்கு, வாயில் கவளத்துடன் பேசுவதாலும் நகைப்பதாலும் எளிதிற் சிதையும். இருமல் எழுமாயின் அஞ்ச வேண்டா. அதுவே இயற்கை தந்த காவல். இருமவும் பேசவும் இயலாது ஒருவன் தொண்டையைப் பற்றுவானாயின், அதுவே பேராபத்து. உணவுச்சாலைகளில் மாரடைப்பால் மாண்டனர் என்று கருதப்பட்ட சிலர், உண்மையில் தொண்டையில் உணவு அடைத்தே இறந்தனர் என்பதை 1963இல் அமெரிக்க மருத்துவர் ஹாகன் எடுத்துக்காட்டினார்.

அந்நிலையில் தலையில் தட்டுவதால் பயனில்லை. அவனை முன்னே குனியச் செய்து, தோட்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை வலுவாக அடித்தல் வேண்டும். அடைப்பு நீங்காவிடின், பின்னின்று தழுவி, கொப்பூழுக்குச் சற்று மேலே கைம்முட்டியை வைத்து, உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துக. இவ்விரண்டையும் மாறிமாறிச் செய்க. இவ்வழுத்தும் முறையை 1974இல் ஹைம்லிக் என்பார் வெளியிட்டார். ஒரு வயது நிரம்பாத குழவிக்கு வயிற்றை அழுத்தலாகாது.

மயங்கி வீழ்ந்தவர் வாயில் சோடாவோ காபியோ ஊற்றுதலும் நாம் ஒழிக்கவேண்டிய வழக்கமே. பக்கவாதம் கண்டவர்க்கு விழுங்கும் ஆற்றல் குன்றியிருத்தல் கூடும். அன்போடு புகட்டிய நீர் நுரையீரலிற் புகுந்து, சளிச்சுரமாய் முடிவதும் உண்டு.

மாணவ நண்பர்களே, விடுதியில் நூறு பேர் ஒருங்கிருந்து உண்கிறோம். அருகிலிருப்பவன் மூச்சுத் திணறி நிற்கையில், செய்வதறியாது தாமும் நிற்போர் பெற்ற பட்டம் எதற்கு? ஆண்டுதோறும் முதல் வாரத்திலேயே இப்பயிற்சியை எல்லாருக்கும் அளித்தல் கல்லூரிகளின் கடமையாகும். அதற்கு ஒரு மணிநேரம் போதும்.