முகாம் முடிந்த மறுநாள்: வாலிபர் ஊழியம் பற்றி எங்கள் நிலைப்பாடு

ஆண்டுதோறும் மே மாத முகாம்களில் கடைசி இரவு ஒரே மாதிரிதான் கழிகிறது. கீபோர்டு மெல்ல ஒலிக்க, பிரசங்கியார் ஒப்புக்கொடுப்பவர்களைக் கைதூக்கச் சொல்வார். பிள்ளைகள் அழுவார்கள். அர்ப்பணிப்பு அட்டையில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். அந்த அட்டைகளை எண்ணி ஆண்டறிக்கையில் போடுவோம். ஜூனில் கல்லூரி திறந்த பிறகு அவர்களில் யார் எங்கே இருக்கிறார், யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறார் என்று கேட்டால் எங்களிடம் பதில் இருந்ததில்லை. அந்தக் கண்ணீர் உண்மையானது. அதைப் பார்த்துவிட்டு மறுநாளே பிள்ளைகளைத் தனியே விட்டது எங்கள் குற்றம். அதை முதலில் ஒப்புக்கொள்கிறோம்.

திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகள் ஏன் ஆலயத்துக்கு வருவதில்லை என்று பல சபைகளின் மூப்பர்கள் எங்கள் வாலிபர் ஐக்கியக் குழுவிடம் கேட்டிருக்கிறார்கள். செல்போன், சினிமா, கெட்டுப்போன காலம் என்று கேட்பவர்களே காரணமும் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காரணத்தை நாங்கள் ஏற்கவில்லை. ரீல்ஸ் பிள்ளைகளின் நேரத்தைத் தின்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நள்ளிரவில் ஒரு பெண்பிள்ளை தன் சந்தேகத்தை யூடியூபில் தேடுகிறாள் என்றால், பகலில் அதைக் கேட்க அவளுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை என்று பொருள். ஆகவே எங்கள் நிலைப்பாடு இது: ஒவ்வொரு வாலிபனோடும் ஒவ்வொரு வாலிபப் பெண்ணோடும் ஆண்டுக்கணக்கில் கூட நடக்கிற மூத்த விசுவாசி ஒருவர் சபையில் இருக்க வேண்டும். முகாம், பாட்டுப்போட்டி, இசைக்குழு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இது மேல்நாட்டுப் புத்தகத்தில் படித்து வந்த யோசனை இல்லை. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, இளம் வயதிலேயே ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்தில் இறங்கினார். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாவதில் முன்னின்றபோது அவருக்கு வயது 28. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக 1912இல் அபிஷேகம் பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மேனாட்டு மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே ஒன்றைச் சொன்னார். அவர்கள் செய்த தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, இந்திய விசுவாசிகளுக்கு அவர்களிடமிருந்து வேண்டியது நட்பு என்றார். அரங்கில் பலருக்கு அது கசந்தது.

இன்று எங்கள் பிள்ளைகள் எங்களிடம் கேட்பதும் அதையேதான். சாப்பாடு, பனியன், பேச்சாளர், பரிசு எல்லாம் கொடுத்திருக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை. 28 வயதுக்காரர் மிஷனெரி சங்கத்தையே தொடங்கிய இந்த மண்ணில், இன்று அதே வயதில் இருப்பவருக்கு நாற்காலி அடுக்கும் வேலையும் மைக் செட் பார்க்கும் வேலையும்தான் தருகிறோம். சேகரக் கமிட்டியில் வாலிபருக்கு வாக்குள்ள இடம் வேண்டும் என்று கேட்கிறோம்.

கூட நடப்பது எப்படி என்பதை எம்மாவு வழியில் பார்க்கிறோம். மனம் உடைந்து ஊருக்குத் திரும்பிய இருவரோடு இயேசு சேர்ந்து நடந்தார். அவர்கள் என்ன பேசிக்கொண்டு போகிறார்கள் என்று முதலில் விசாரித்தார். அவர்கள் கொட்டித் தீர்த்த பிறகுதான் வேதத்தை விளக்கினார். நாங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். பிள்ளை வாயைத் திறக்குமுன் வசனம் சொல்லிவிடுகிறோம்.

கேட்கத் தொடங்கினால் வரப்போகும் கேள்விகள் சுலபமானவை அல்ல. முதல் கேள்வி சாதி. ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே கட்டளையிட்டார். தஞ்சாவூரிலும் பிற இடங்களிலும் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. சுமார் 190 ஆண்டுகள் கழித்தும் கிறிஸ்தவ வரன் விளம்பரத்தில் சபையின் பெயருக்கு அடுத்து சாதியின் பெயர் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுப்பவர்கள் கல்யாணப் பேச்சில் பிரிந்துபோவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் அவர்களுக்குச் சீஷத்துவம் கற்றுத்தர எங்களுக்கு வாயில்லை. சாதி கடந்து மணம் செய்ய விரும்பும் வாலிபரோடு எங்கள் குழு வெளிப்படையாக நிற்கும். பெற்றோருக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே இதை எழுதுகிறோம்.

அதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி, அதிகம் பேசப்படாதது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே. ஞானஸ்நானம் பெற்றதைச் சான்றிதழில் சொல்லவா வேண்டாமா என்ற பாரத்தோடு ஒரு பிள்ளை கல்லூரி விண்ணப்பத்தின் முன் உட்கார்ந்திருக்கும்போது, விசுவாசமாய் இரு என்று மட்டும் சொல்லி அனுப்புவது மேய்ப்பனின் வேலை ஆகாது. சட்டம் தெரிந்த ஒருவரை நாங்கள் அந்தப் பிள்ளையோடு உட்கார வைப்போம். தலித் கிறிஸ்தவரின் உரிமைக் கோரிக்கையையும் முழுமனதோடு ஆதரிக்கிறோம்.

மனச்சோர்வோடு வரும் பிள்ளையிடம் ஜெபக்குறைவு என்றோ பிசாசின் கிரியை என்றோ எங்கள் மேடையில் இனி யாரும் சொல்லக் கூடாது. சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிய எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடியும் தூங்கினார், மறுபடியும் சாப்பிட்டார். அதன் பிறகுதான் பயணம். நாங்கள் ஜெபிப்போம், டாக்டரிடமும் அழைத்துப் போவோம்.

கூட நடப்பதற்கு வேலியும் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையோடு பெரியவர் எவரும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்வது கட்டாயம். மறைப்பது குற்றம். சபையின் மானம், ஊழியக்காரரின் பெயர் என்று எதைச் சொல்லியும் உள்ளுக்குள் பேசி முடிக்க விடமாட்டோம். குழந்தைகளுக்கான 1098 எண்ணை ஒவ்வொரு ஓய்வுநாள் பள்ளி அறையிலும் எழுதிவைப்போம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிளஸ் டூ முடியட்டும், நீட் முடியட்டும் என்று பிள்ளைகளை ஐக்கியத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் நிறுத்திவைக்காதீர்கள். கூட ஒருவர் மிக அதிகமாகத் தேவைப்படும் காலம் அதுதான். வேறு மதத்து நண்பர்களோடு பிள்ளைகள் பழகுவதைக் கண்டும் பயப்பட வேண்டாம். அந்த நண்பரின் தெய்வத்தை இகழாமல் தன் விசுவாசத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளையை வளர்ப்பது எங்கள் கடமை.

வரும் ஆண்டு முதல் ஒரே ஒரு முகாம் நடத்துவோம். மிச்சமாகும் பணம் கூட நடப்பவர்களின் பயிற்சிக்குப் போகும். ஒருவர் பொறுப்பில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். வேலைக்காகச் சென்னைக்கோ ஓசூருக்கோ பெங்களூருக்கோ போகிற பிள்ளையை அந்த ஊர்ச் சபையில் ஒருவரிடம் கைகாட்டி ஒப்படைக்கும்வரை இங்குள்ளவரின் பொறுப்பு தீராது. போன முகாமின் அட்டைகள் இன்னும் அலுவலக அலமாரியில்தான் இருக்கின்றன. அவற்றைச் சேகரவாரியாகப் பிரித்தாகிவிட்டது. இந்த வாரம் முதல் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டப் போகிறோம்.