தம்புள்ளை முகட்டில் இருப்பது என்ன?

போன மாதம் என் தங்கை மகள் பள்ளிக்கூடம் விட்டு அழுதபடி வீட்டுக்கு வந்தாள். தரம் பத்தில் படிக்கிறாள். பையில் இருந்த புத்தகத்தை ஆசிரியை பறித்து வைத்துக்கொண்டாராம். மறுநாள் தங்கையும் நானும் போய்க் கேட்டோம். மரியாதையாகத்தான் திருப்பித் தந்தார்கள். தரும்போது சொன்ன வார்த்தைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஓ.எல். எடுக்கப்போற பிள்ளைக்குக் கதைப் புத்தகமே கூடாதுன்னு சொல்றோம். நீங்க படக்கதையே வாங்கிக் குடுத்திருக்கீங்களே சேர்! இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க பார்க்கிறதில்லையா?" சுற்றியிருந்த ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். என் தங்கையும் சேர்ந்து தலையாட்டினாள்.

பறிபோன புத்தகம், மர்ஜானே சத்ரபி தானே எழுதி வரைந்த சித்திர நாவல். தமிழில் 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' என்று வந்திருக்கிறது. 1979 புரட்சிக்குப் பிறகு தெஹ்ரானில் பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தலையை மூடச்சொல்லிக் கட்டளை வருகிறது. சொந்தக்காரர் சிறையில் சாகிறார். ஈராக்குடனான யுத்தத்தில் ஊர்மேல் குண்டு விழுகிறது. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்களில். ஊரடங்கும் குண்டுச் சத்தமும் காணாமல்போன அண்ணன்மாரும் தெரிந்த ஒரு நாட்டில், இந்தப் புத்தகத்தை விரித்து ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் சின்னப் பிள்ளைச் சமாசாரம் என்று ஒருவரால் எப்படிச் சொல்ல முடிகிறது? படம் இருக்கிறது, ஆகவே விளையாட்டு. அவ்வளவுதான் விசாரணை. 2013 இல் இதே நாவலை வகுப்பறைகளிலிருந்து எடுக்கச்சொல்லி சிக்காகோ நகரத்துப் பள்ளி நிர்வாகம் உத்தரவிட்டபோது மாணவர்களே வெளியில் வந்து எதிர்த்தார்கள். அங்கே பயந்தவர்களாவது புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பயந்தார்கள்.

படக்கதை பிள்ளைகளுக்கு மட்டும் என்கிறவர்களைத் தம்புள்ளைக்கு வரச்சொல்கிறேன். தூரம் ஒன்றுமில்லை, நம் மாத்தளை மாவட்டம்தான். மலை ஏறி இரண்டாவது குகைக்குள் போய்த் தலையை நிமிர்த்துங்கள். முகட்டில் மாரனின் சேனை புத்தர்மேல் பாய்கிறது. கட்டம் கட்டமாக அவருடைய வாழ்க்கை நகர்கிறது. விஜயன் வந்து இறங்குகிறான். எல்லாளனும் துட்டகைமுனுவும் யானைமேல் இருந்து பொருதுகிறார்கள். ஐந்து குகைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் ஓவியம். இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்துத் திருத்தத்தில் உருவானது. மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சத்தில் வந்த அரசன் அவன். அரசன் பொருள் கொடுக்க, பிக்குகள் இடம் கொடுக்க, கைதேர்ந்த ஓவியர்கள் வரைந்தது அந்தப் படக்கதை. வளர்ந்த மனிதர்கள் கைகூப்பி நின்று பார்ப்பதற்காக வரைந்தது. 1991 இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நம் பாடசாலைகள் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவுக்கு எங்கே கூட்டிப்போகின்றன? அதே தம்புள்ளைக்கு. "நல்லாப் பாருங்க, கொப்பியில எழுதுங்க" என்று எந்த முகட்டைக் காட்டுகிறார்கள்? அதே முகட்டை. பாறையில் வரைந்தால் பாடம், தாளில் வரைந்தால் பறிமுதலா?

தம்புள்ளை தூரம் என்றால் அலுவிகாரைக்கு வாருங்கள். மாத்தளை நகரத்துக்கு வெளியே, காலாற நடந்தே போகலாம். திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்று நாமெல்லாம் பெருமைப்படும் விகாரை. அங்கே ஒரு குகையில் நரகத் தண்டனைகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். பாவம் செய்தவர்களை அறுக்கிறார்கள், குத்துகிறார்கள். இரத்தம் வடிகிறது. பெற்றோர் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். சித்திரக்கதையில் வன்முறை இருக்கிறது, பிள்ளை கெட்டுப்போகும் என்று என்னிடம் வாதாடுகிற மனிதர்களை அந்தக் குகை வாசலில் நான் கண்டிருக்கிறேன்.

நம் நாட்டு யுத்தத்தைப் பற்றி நாம் எத்தனை பேசினோம், எத்தனை அறிக்கை வாசித்தோம். பெஞ்சமின் டிக்ஸ் என்றொரு மனிதர் ஐ.நா. பணியாளராகக் கிளிநொச்சியில் இருந்தார். 2008 செப்டெம்பரில் ஐ.நா. வன்னியை விட்டு வெளியேறியபோது அவரும் வெளியேற நேர்ந்தது. போகவேண்டாம் என்று மக்கள் கெஞ்சிக்கொண்டு வாசலில் நின்றார்கள். தப்பிவந்தவர்களின் சாட்சியங்களை வைத்து, லின்ட்சே பொலக் வரைய, 'வன்னி' என்ற சித்திர நாவலை 2019 இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கற்பனைக் குடும்பம் ஒன்று சுனாமியில் தொடங்கி 2009 மே மாதம் வரை இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறது. எனக்கு அதில் குறையும் தெரிகிறது. படத்திலேயே தெரிகிற விடயத்தை வெளிநாட்டு வாசகருக்காக வசனத்தில் திரும்பச் சொல்லும் இடங்கள் உண்டு. ஆனால் பதுங்குகுழிக்குள் ஒரு குடும்பம் ஒடுங்கிக் கிடப்பதை ஒரு பக்கம் முழுவதும் பார்த்தபோது எனக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை. எந்த அறிக்கையும் எனக்கு அதைச் செய்யவில்லை. இதையும் சின்னப் பிள்ளைகள் பகுதியில்தான் வைப்பீர்களா? ஆர்ட் ஸ்பீகல்மன், தன் தகப்பன் நாஜி வதைமுகாமில் பட்டதை எலியும் பூனையுமாக வரைந்த 'மௌஸ்' 1992 இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. எலியும் பூனையும் வந்தால் பாலர் கதை என்று அந்த நடுவர்கள் ஒதுக்கி வைக்கவில்லை. தம்புள்ளை முகட்டில் மாரனின் படையில் மிருக முகத்தோடு வருகிறவர்களைப் பார்த்து யாரும் பாலர் கதை என்று சொல்வதில்லையே.

படத்தை விடுவோம். படம் இல்லாத கதைக்கும் இங்கே மரியாதை இல்லை. "கதைப் புத்தகம் படிச்சா பிள்ளை கெட்டுப்போகும்" என்பது மாத்தளை திருகோணமலை வீதிக் கடைக்காரரிலிருந்து எல்கடுவத் தோட்டத்து லயத்து ஆத்தா வரைக்கும் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் வேதவாக்கு. யாரைக் கெடுத்தது? கண்டியில் பிறந்த சட்டத்தரணி சித்திலெப்பை, முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் போராடியவர், 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். அந்தக் கல்விமான்தான் 1885 இல் 'அசன்பேயுடைய கதை'யை எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் அது. எகிப்தில் பிறந்த குழந்தையைக் கடத்துகிறார்கள், அவன் பம்பாயில் வளர்கிறான், ஓடுகிறான், தப்புகிறான். முழுக்க முழுக்கச் சாகசக் கதை! கல்விக்குக் கதை எதிரி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்னொருவர் க. குணராசா. உயர்தர மாணவர்கள் அவருடைய புவியியல் நூல்களை மனப்பாடம் செய்தார்கள். அரச நிர்வாக சேவையில் பெரிய பதவி வகித்தவர். 'வாடைக்காற்று' எழுதிய செங்கை ஆழியானும் அவர்தான். புவியியல் நூலை வாங்கித் தந்த அதே அப்பா, நாவலைக் கண்டால் கிழிப்பேன் என்றார். எழுதிய கை ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியாது.

நாங்கள் எந்தச் சனத்தின் பிள்ளைகள்? லயத்து வாசலில் குப்பி விளக்கு வைத்து, எழுத்துத் தெரிந்த ஒருவர் 'பெரிய எழுத்து' அல்லி அரசாணி மாலையை ராகம் போட்டு வாசிக்க, கொழுந்தெடுத்துக் களைத்த பெண்கள் விடியும்வரை கேட்டிருந்த சனம். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் பார்த்து வளர்ந்த சனம். பெயர் எழுதத் தெரியாத என் பாட்டிக்கு நல்லதங்காள் கதை முழுவதும் தெரியும். அவருடைய கொள்ளுப்பேரப்பிள்ளைகளுக்கு இன்று தெரிவதெல்லாம் கடந்தகால வினாத்தாள்தான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் தொடங்குகிறது இந்த வதை. பள்ளி விட்டால் டியூஷன், சனி ஞாயிறு டியூஷன், லீவிலும் டியூஷன். தமிழ் இலக்கிய நயம் என்ற பாடத்துக்கே 'வழிகாட்டி' புத்தகம் வந்துவிட்டது. கதையை வாசிக்காமல் கதையின் நயத்தை எழுதலாம், ஏ சித்தியும் எடுக்கலாம். பிள்ளையைக் கெடுப்பது எது என்று யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

பெற்றோரையும் ஆசிரியரையும் மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்த நம்பிக்கையை இலக்கியக்காரர்களே வேறு உருவத்தில் வளர்க்கிறார்கள். துப்பறியும் கதையா? குப்பை. பேய்க்கதையா? குப்பை. காதல் கதையா? பெண்கள் பொழுதுபோக்கு. யதார்த்த நாவல் ஒன்றுதான் நாவலாம். அப்படியானால் சித்திலெப்பையைக் கடலில் போடுங்கள். ரமணிசந்திரனின் காதல் நாவல்கள் எனக்கு ஒன்றைப்போல ஒன்று தெரிகின்றன, முடிவு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது, பாதியில் வைத்துவிடுகிறேன். அதே நாவலுக்காக நூலகத்தில் பேர் பதிந்து காத்திருக்கிற தையற்கடைப் பெண்ணை நான் கும்பிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் சொந்த விருப்பத்துக்காக வாசிக்கிற மிகச் சிலரில் அவளும் ஒருத்தி. முத்து காமிக்ஸ் 1972 இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது. அந்தப் பழைய இதழ்கள் கைமாறிக் கைமாறி இங்கு வந்து, அட்டை கிழிந்து, பக்கம் உதிர்ந்த பின்னும் எத்தனை பையன்களைத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வைத்தன! மாயாவியிலிருந்து நம் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்புக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். வினாத்தாளிலிருந்து தெளிவத்தை ஜோசப்புக்குப் போனவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

வாசித்த பின் மனதில் பட்டதைச் சொல்லவும் இங்கு வழியில்லை. நூல் வெளியீட்டு விழாவுக்குப் போய்ப் பாருங்கள். மங்கள விளக்கு, பொன்னாடை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, எட்டுப் பேர் வாழ்த்துரை. நூலை வாசித்தவர் அதில் எத்தனை பேர்? குறை சொன்னால் ஊர்ப்பற்று இல்லை என்கிறார்கள். நம் மாவட்டத்துச் சீகிரியாவின் கண்ணாடிச் சுவரைப் பார்க்கச்சொல்லுங்கள் அவர்களை. ஆறாம் நூற்றாண்டு தொடக்கம் பதினாலாம் நூற்றாண்டு வரை மலையேறி வந்த சாதாரண மனிதர்கள், ஓவியப் பெண்களைப் பார்த்துத் தமக்குத் தோன்றியதைச் செய்யுளாகக் கீறிவிட்டுப் போனார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றில் 685 செய்யுள்களை வாசித்து 1956 இல் நூலாக்கினார். வியந்தவரும் உண்டு, இந்தப் பெண்கள் வாய் திறந்து பேசவில்லையே, கல்நெஞ்சக்காரிகள் என்று கோபித்தவரும் உண்டு. யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. அந்தக் கோபம் ஓவியத்தை அழிக்கவும் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய வழிப்போக்கனுக்கு இருந்த உரிமை, நாவல் வாசித்த தரம் பத்துப் பிள்ளைக்கு ஏன் இல்லை? அவள் ஒரு நாவலைப் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும், ஏன் பிடிக்கவில்லை என்று எழுதட்டும். அதற்கு முதலில் அவள் கையில் நாவல் இருக்க வேண்டும்.

இந்த மண்ணின் கதை எங்கே கிடைக்கிறது? 2023 இல், மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டான நினைவாகத் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் ஜூலை இறுதியில் புறப்பட்டு ஆகஸ்ட் 12 அன்று மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. மூதாதையர் காட்டு வழியே நடந்து, வாந்திபேதியில் வழியெங்கும் செத்து, மிஞ்சியவர் வந்தடைந்த வாசல் இந்த ஊர். அன்று எல்லோரும் உணர்ச்சியோடு பேசினோம். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யைக் கேட்டு அடுத்த வாரம் யாராவது நூலகத்துக்குப் போனார்களா? மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் மூவரின் கதைகளும் சேர்ந்து வந்த 'தோட்டக்காட்டினிலே', மாத்தளை கார்த்திகேசுவின் 'வழி பிறந்தது' இவையெல்லாம் ஊர்ப் பேரைத் தாங்கியவர்கள் எழுதியவை. பாடசாலை நூலகத்தில் கேட்டால் "பரீட்சைக்கு வராதே" என்கிறார்கள். அந்தக் காட்டு வழி நடையை நம் பிள்ளை ஒருத்தி பக்கம் பக்கமாக வரைந்து நாவலாக்க நினைத்தால், எப்படி வரைவது என்று பார்த்துப் பழக அவளுக்குப் புத்தகம் வேண்டாமா? தம்புள்ளை ஓவியனுக்கு முன்னால் வரைந்தவர்களின் சுவர் இருந்தது. இவளுக்கு என்ன இருக்கிறது?

மாத்தளை, இரத்தோட்டை, உக்குவளைப் பொது நூலகங்கள் அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது வழிகாட்டிகளுக்கும் வினாத்தாள் தொகுதிகளுக்கும் ஒதுக்கும் பணத்தில் பாதியை நாவல்களுக்கு ஒதுக்கட்டும். சாகசம், துப்பறிதல், காதல், பேய், யதார்த்தம் எதையும் தள்ளவேண்டாம். சத்ரபியையும் 'வன்னி'யையும் வாங்கட்டும். வாங்கியவற்றைச் சிறுவர் பகுதியில் அல்ல, பெரியவர்கள் நிற்கிற தட்டில் வைக்கட்டும்.