'நெகட்டிவ்' என்று சொல்லி அனுப்பினால் போதுமா?

அரசு மருத்துவமனைகளில் எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையங்களுக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தொற்று இருப்பதில்லை. முடிவைச் சொல்லி, ஆணுறை பயன்படுத்தும்படி அறிவுறுத்தி அனுப்பிவிடுகிறோம். அவர்களில் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் கொடுக்க மருந்து இருக்கிறது. டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் சேர்ந்த 'பிரெப்' மாத்திரையைத் தவறாமல் தினமும் சாப்பிட்டால், பாலுறவு வழியாகத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 99 சதவீதம் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே இதைப் பரவலாகப் பரிந்துரைத்தது. நம் நாட்டிலும் வழிகாட்டு நெறிமுறை வந்துவிட்டது. ஆனால், எழுதிக் கொடுக்கும் மருத்துவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இம்மருந்துகளை நன்கறிந்தவர்கள் எச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையங்களில் இருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் ஏற்கெனவே தொற்றுள்ளவர்கள். தொற்றில்லாதவர்களைப் பார்க்கும் பொது மருத்துவரோ, இது தன் வேலையல்ல என்று நினைக்கிறார். இத்தனைக்கும், பணியில் ஊசி குத்திக்கொண்ட செவிலியருக்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் தரப்படும் தடுப்பு மருந்திலும் டெனோஃபோவிர்தான் இருக்கிறது. நம்மவருக்குத் தயங்காமல் தருவதை வாசலில் நிற்பவருக்கு ஏன் மறுக்கிறோம்?

பெரிய தடை, கேள்வி கேட்பதில் இருக்கிறது. புறநோயாளிப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து பேசும்போதே அடுத்தவர் சீட்டோடு அவர் தோளருகே நிற்கிறார். அந்த நெரிசலில் 'யாருடன் உறவு, ஆணுறை உண்டா' என்று எந்த மருத்துவரால் கேட்க முடியும், எந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியும்? அப்படிக் கேட்க மருத்துவக் கல்லூரியிலும் யாரும் பழக்கவில்லை. தன்பாலின ஈர்ப்பை இழிவாகச் சித்தரித்த பாடங்களைத் திருத்தவே 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தலையிட வேண்டியிருந்தது.

மாத்திரை கொடுத்தால் ஒழுக்கம் கெடும் என்ற பேச்சை ஏற்பதற்கில்லை. ஆணுறை அணிய மறுக்கும் கணவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மனைவியின் கையில் இருக்கக்கூடிய வழி இது. ஆனால் மருத்துவர்களின் இன்னொரு அச்சம் நியாயமானது. தொற்றிருப்பது தெரியாமல் இந்த இரு மருந்துகளை மட்டும் கொடுத்தால், கிருமி அவற்றுக்குக் கட்டுப்படாமல் போகலாம். அதனால்தான் முதலில் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிறுநீரகப் பரிசோதனைகளும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்ஐவி பரிசோதனையும் தேவை. இவற்றுக்கான ஆய்வகம் அரசு மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கிறது.

எச்ஐவி தொற்றைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசிக்கு அமெரிக்கா 2025 ஜூனில் அனுமதி அளித்தது. அதன் மலிவு வடிவத்தைத் தயாரிக்க உரிமம் பெற்றவற்றில் ஹைதராபாத் நிறுவனங்களும் உண்டு. மாத்திரையையே கொடுக்கப் பழகாத மருத்துவமனை அந்த ஊசியை யாருக்குப் போடும்?

இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். தடுப்பிலும் தமிழ்நாடு முந்த வேண்டும். நம்பிக்கை மையங்களிலேயே பிரெப் இலவசமாகக் கிடைக்கவும், மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் கதவு சாத்திப் பேச ஓர் அறையும் இருக்கவும் அரசு உடனே ஆணையிட வேண்டும்.