துண்டு போட்டுப் பிடிக்கிற சீட்டு

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நம் ஊர் வழக்கம். அந்தத் துண்டுக்குக் காசு கிடையாது. பின்னாடியே காலியாக இன்னொரு பஸ் வந்தால் உருவிக்கொண்டு போய்விடலாம். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளில் ஜனவரி வாக்கில் இன்னொரு துண்டு போடும் படலம் ஆரம்பிக்கும். அது ஆயிரங்களில் தொடங்கி லட்சத்துக்குப் போகிற துண்டு.

மயிலாப்பூர் மாமியிலிருந்து தி.நகர் ட்யூஷன் வாசலில் நிற்கும் அப்பாக்கள் வரை எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "எங்கே சீட் போட்டாச்சு?" இன்னும் இல்லை என்றால், பையன் ஃபெயிலாகிவிட்ட மாதிரி ஒரு பார்வை. பரீட்சையே மார்ச்சில்தானே சாமி!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே விண்ணப்பிப்பதை நான் எதிர்க்கவில்லை. ஜேஇஇ எழுதுங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வுகளையும் எழுதுங்கள். ஆனால் விண்ணப்பம் வேறு, பணம் கட்டுவது வேறு. முன்னது கதவைத் திறந்து வைக்கிறது, பின்னது மற்ற கதவுகளைச் சாத்துகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதில்தான் வியாபாரமே இருக்கிறது. "இந்த பிராஞ்சில் கொஞ்சம் சீட்தான் பாக்கி, இந்த வாரமே கட்டிவிடுங்கள்" என்பதற்கும், ரங்கநாதன் தெருவில் "இன்னும் ரெண்டே நாள்" என்று கூவுவதற்கும் என்ன வித்தியாசம்? புடவை பிடிக்காவிட்டால் பீரோவில் வைத்துவிடலாம். நாலு வருஷத்தை எந்த பீரோவில் வைப்பது?

இந்தப் பயம் முக்கால்வாசி அறியாமையில் வருவது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் எப்படி வருகிறது? கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். தனியார் கல்லூரிகள்கூட 65 சதவீத இடங்களை (சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50) கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. 2018 முதல் எல்லாம் ஆன்லைன். பிடித்த கல்லூரிகளை எத்தனை வேண்டுமானாலும் வரிசையாகப் பதிவு செய்யலாம். முந்தைய வருஷ கட்-ஆஃபும் இணையத்திலேயே கிடைக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம், கலந்தாய்வு பெரும்பாலும் ஜூலையில். அதாவது நம் மதிப்பெண் என்னவென்று நமக்கே தெரியாத மாதத்தில், மிச்சமிருப்பதிலேயே ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள்.

"மன நிம்மதிக்காகக் கட்டுகிறோம்" என்பார்கள். நியாயம்தான். ஆனால் யாருக்கு நிம்மதி? போட்ட பணம் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடியவருக்கு அது இன்ஷூரன்ஸ். நகையை அடகு வைத்துக் கட்டியவருக்கு அது கால்கட்டு. ஜூலையில் கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே இடம் கிடைத்தாலும், "கட்டின பணம் என்னாகும்?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். ஒரே துண்டு, இரண்டு வீட்டுக்கு இரண்டு விலை. என் கோபம் இங்கேதான்.

இது நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டுமில்லை. 2006-ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையை நிறுத்துவதாக அறிவித்தன. வசதியுள்ளவர்களுக்கே அது மேலும் வசதி செய்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். மற்ற பல பல்கலைக்கழகங்கள் நிறுத்தவில்லை. 2011-ல் இரண்டுமே அதைத் திரும்பக் கொண்டுவந்தன. ஒன்றிரண்டு பேர் நல்லவராக இருந்தால் போதாது, எல்லோருக்கும் பொதுவாக விதி வேண்டும் என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

விதியே இல்லையா என்றால், இருக்கிறது. 2024-25 கல்வியாண்டுக்கு யுஜிசி சொன்னது இது: செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும், அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்தான் பிடிக்கலாம். அசல் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று சொல்லக்கூடாது என்பதையும் 2018-லேயே அறிவித்துவிட்டது. நன்கொடை வாங்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1992-லிருந்தே சட்டம் இருக்கிறது. இதெல்லாம் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? பணம் கட்டும் கவுண்டரில் இதை யாராவது எடுத்துச் சொல்வார்களா?

ஆகவே என் கோரிக்கை இரண்டே இரண்டு. ஒன்று, பிளஸ் டூ ரிசல்ட் வந்து கலந்தாய்வின் முதல் சுற்று முடியும்வரை யாரும் சேர்க்கைப் பணம் வாங்கக்கூடாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மாநிலக் கலந்தாய்வுக்கு வெளியே இருப்பதால், இதை யுஜிசிதான் செய்ய வேண்டும். இரண்டு, திரும்பப் பெறும் விதியைக் கட்டண ரசீதிலேயே தமிழில் அச்சடிக்க வேண்டும்.

அதுவரை, நண்பர்களே, அடுத்த முறை யாராவது "சீட் போட்டாச்சா?" என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: "இன்னும் பரீட்சையே எழுதலை, மாமி!"