முன்பெருக்கி எதற்கு? யாருக்கு?

நம் சங்கத்து அறையிலுள்ள ஸ்டீரியோவுக்கு ஒரு பிரி-ஆம்ப்ளிபயர் வாங்க வேண்டும் என்ற யோசனை பொதுக்கூட்டத்தின் முன் வர இருக்கிறது. தமிழில் அதை முன்பெருக்கி என்று சொல்லலாம். வாங்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால், எதை வாங்குவது என்பதில் நண்பர்கள் பலரோடு எனக்குக் கருத்து வேற்றுமை உண்டு. விலைப்பட்டியலின் உச்சியில் நிற்பதை வாங்கிவிட்டால் இசை தானாகவே உயர்ந்துவிடும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். விஞ்ஞானம் பயிலும் நாமே இப்படி எண்ணலாமா?

முன்பெருக்கியின் வேலை என்ன? பல கருவிகளிலிருந்து வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது, ஒலியைக் கூட்டிக் குறைப்பது, மெலிந்த மின்குறிக்கு வலுவூட்டி அடுத்த நிலைக்கு அனுப்புவது ஆகிய மூன்றுமே. இன்றைய சி.டி. பிளேயர் தானே ஏறத்தாழ 2 வோல்ட் தருகிறது. 1 முதல் 2 வோல்ட் கிடைத்தாலே பெரும்பாலான பவர் ஆம்ப்ளிபயர்கள் தம் முழு வலிமையையும் காட்டிவிடும். நம் ஆம்ப்ளிபயரிலோ தேர்வுத் திருகும் ஒலித் திருகும் முன்பே இருக்கின்றன. அதற்கு முன்னால் இன்னொரு விலையுயர்ந்த பெட்டியை வைப்பது நிரம்பிய குடத்தில் நீர் ஊற்றுவதைப் போன்றது.

இசைத்தட்டின் கதை வேறு. காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட்; சி.டி. தருவதில் நானூற்றில் ஒரு பங்கு! அதுமட்டுமன்று. தட்டில் பதிக்கும்போது தாழ்ந்த ஒலிகளை அடக்கியும் உயர்ந்த ஒலிகளை மிகைப்படுத்தியும் பதிக்கிறார்கள். அடக்காவிட்டால் தடங்கள் அகன்று இடத்தைத் தின்றுவிடும். மிகைப்படுத்தாவிட்டால் ஊசியின் இரைச்சல் மேலோங்கிவிடும். இதற்கு 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கே பின்னர் உலக வழக்காயிற்று. அந்தக் கணக்கைத் தலைகீழாக்கி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட 20 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழப் பத்து மடங்காக உயர்த்தியும், 20,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பத்தில் ஒரு பங்காகத் தாழ்த்தியும் தருவதே போனோ முன்பெருக்கி. நம்மிடம் இல்லாதது இதுதான். ஆகவேதான் நம் அறையில் தட்டு சுழலும்போது எம்.எஸ். பாட்டில் மிருதங்கத்தின் தொப்பி ஊமையாகிறது. காருகுறிச்சியாரின் நாகசுரம் தகரக் குழலாகிறது.

அந்தத் தட்டுகள் யாருடையவை? வேலை தேடிக் கொல்கத்தா வந்து, லேக் மார்க்கெட் பக்கத்து வீடுகளில் வாழ்ந்து தலை நரைத்த தமிழர்களுடையவை. வீட்டைக் காலி செய்து பிள்ளைகளோடு போகும் வேளையில், எடைக்குப் போடாமல் நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அவற்றிற் பல இதே நகரின் டம்டம் ஆலையில் அச்சானவை. தமிழர் பாடியது வங்கத்தில் தட்டாகி, தமிழர் வீட்டிலேயே ஒலித்து, இன்று நம் அலமாரியில் வாய்மூடிக் கிடக்கிறது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து நாம் கொடுக்கும் சந்தா, அந்த வாயைத் திறக்கப் பயன்பட வேண்டாமா?

"வால்வு முன்பெருக்கி வைத்தால் ஒலியில் ஓர் இதம் வருமே!" என்கிறார் ஒரு நண்பர். வரலாம். பல வால்வுக் கருவிகளில் அந்த இதம், மூல ஒலியில் இல்லாத இரட்டை அதிர்வெண் ஒலி சிறிதளவு கலப்பதால் வருவது. அதை விரும்புவது குற்றமன்று. சுவை அவரவர் உரிமை. ஆனால், சுவைக்கு அவரவர் பையிலிருந்து செலவிடட்டும். பொதுப்பணம் தேவைக்கு உரியது.

தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியவை சில. நம்முடையது காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் ஆதலால் பெருக்கம் 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு போதும். உள்வாயின் மின்தடை 47 கிலோ ஓம் இருக்க வேண்டும். எர்த் கம்பி பொருத்தத் திருகு இருக்க வேண்டும். இல்லையேல் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் தம்புராவுக்குப் போட்டியாக வந்து நிற்கும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவையும் மீட்டர் வைத்துச் சமப்படுத்திய பிறகே கேட்க வேண்டும். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதும் 'தரமானது' என்று காதை ஏமாற்றிவிடும். கடைக்காரரின் கை ஒலித்திருகின் மேல் இருக்கையில் நம் தீர்ப்பு நம்முடையது ஆகாது.

மிஞ்சும் பணத்தில் புது ஊசி ஒன்று வாங்கலாம். தேய்ந்த ஊசி தட்டையே அரித்துவிடும். அரிக்கப்பட்ட தட்டை எந்த முன்பெருக்கியாலும் மீட்க முடியாது. 78 சுற்றுத் தட்டுகளை மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம். அவற்றுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு பருத்த ஊசி வேண்டும். பதிவுக் கணக்கும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டிருந்தது.

வாங்குவது சிறு பெட்டியாக இருக்கலாம். வந்தோர்க்குக் காட்டிப் பெருமை பேச உதவாமலும் போகலாம். கேட்பதற்கு உதவும். பெருமைக்கா, இசைக்கா என்பதைப் பொதுக்கூட்டம் முடிவு செய்யட்டும். என் கை இசையின் பக்கமே உயரும்.