வயிறு பெருத்த குழந்தைக்குப் பட்டினி போடாதீர்கள்!

வயிறு முன்னால் தள்ளி, கன்னம் உப்பி, கை கால் மட்டும் மெலிந்த குழந்தையைப் பார்த்ததும் எங்கள் வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பாட்டிமார் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: ‘மாந்தம்!’ கையோடு வைத்தியமும் வரும். ராத்திரி வயிற்றைக் காயப் போடு, விடிகாலையில் மருந்தைத் தேனில் குழைத்துக் கொடு. சாதாரண அஜீரணம் என்றால் சரியாகியும் போகும். ஆனால், எல்லாப் பெரிய வயிறும் மாந்தம் அல்ல.

சில வருஷங்களுக்கு முன் பாகூரிலிருந்து ஒரு தாய் வந்தாள். “காலையில எழுப்பினா கண்ணத் தொறக்க மாட்டேங்குதுங்கய்யா, வேர்த்துக் கொட்டுது. சர்க்கரைத் தண்ணி குடுத்தா தெளிஞ்சிடுது” என்றாள். பாளையங்கோட்டையில் படித்த நானும் மாந்தம் என்றே எழுத இருந்தேன். அந்தக் கடைசி வாக்கியம்தான் பேனாவை நிறுத்தியது. தொட்டுப் பார்த்தால் கல்லீரல் தொப்புள் வரை இருந்தது. கோரிமேடு ஜிப்மருக்கு அனுப்பினேன். பிறவியிலேயே ஒரு என்சைம் இல்லை என்று தெரிந்தது.

நாம் சாப்பிடும் சோறு குளுக்கோஸாகிறது. மிச்சத்தைக் கல்லீரல் ‘கிளைக்கோஜன்’ ஆக்கி, குதிரில் நெல் கொட்டுவது போலச் சேர்த்து வைக்கிறது. ராத்திரி நாம் தூங்கும்போது அதைத் திறந்து ரத்தத்துக்குக் கொடுக்கிறது. மூளை அதை நம்பித்தான் இருக்கிறது. திறக்கும் சாவி, குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற என்சைம். சாவி இல்லாவிட்டால்? குதிர் நிறைய நெல், வீட்டிலோ பட்டினி! 1929-ல் வான் கியர்க்கே விவரித்த இந்த நோய்க்குக் காரணம் இந்த என்சைம் இல்லாததுதான் என்று 1952-ல் கண்டுபிடித்தவர்கள் கோரி தம்பதியர்.

தசையின் குதிருக்குச் சாவி வேறு. அது இல்லாதவர்களை 1951-ல் மெக்ஆர்டில் விவரித்தார். ஓடினால் தசை இறுகிப் பிடிக்கும்; சற்று ஓய்ந்து மெல்ல நடந்தால் தெம்பு திரும்பும். பி.டி. பீரியடில் ‘சோம்பேறி’ என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் இப்படியும் ஒருவன் இருக்கலாம். ஓடிய பிறகு சிறுநீர் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய்கள் வரும். சொந்தத்தில் கட்டினால் அந்த வாய்ப்பு கூடுதல். (அக்கா மகளைக் கட்டிய என் உறவினர்கள் கோபித்துக்கொள்ளட்டும்!)

இல்லாத என்சைமை எந்தச் சூரணமும் பஸ்பமும் உண்டாக்காது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். இந்தக் குழந்தைக்குத் தேனும் ஆகாது. தேனிலுள்ள பழச்சர்க்கரையை இந்தக் கல்லீரலால் குளுக்கோஸாக்கி வெளியே விட முடியாது. ஆகவே, பெரிய வயிற்றோடு காலையில் துவளும் குழந்தைக்கு முதலில் ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். பத்தியமெல்லாம் பிறகு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வைத்தியம் என்னவென்றால் ஆச்சரியப்படுவீர்கள். பச்சைக் கார்ன்ஃப்ளவர்! தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் மெதுவாகச் செரித்து, மணிக்கணக்கில் குளுக்கோஸ் தந்துகொண்டே இருக்கும். 1984-லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அளவும் நேரமும் டாக்டர் சொல்வார். கஞ்சியாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்துப் பலன் போய்விடும். கடையில் ‘சோள மாவு’ என்று கேட்டு வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவை வாங்கி வராதீர்கள்; இது மக்காச்சோள ஸ்டார்ச்.

பாகூர்த் தாய் அலாரம் வைத்து நடு ராத்திரியில் எழுந்து கரைக்கிறாள். “பச்சை மாவக் குடுத்தா மாந்தம் வராதா?” என்று மாமியார் சண்டையாம். அந்த அம்மாளை என்னிடம் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.