இங்கே இறங்காதீர்கள்



பயணச் சிறப்பிதழுக்கு ஆசிரியர் பக்கம் எழுதுவது சுலபம் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். ‘வாருங்கள், பாருங்கள், ஒரு முறையாவது போய்விடுங்கள்’ என்று நான்கு பத்தி எழுதினால் வேலை முடிந்ததாம். எனக்கு வாய்த்ததோ, ‘இறங்காதீர்கள், தொடாதீர்கள், இந்தப் பக்கம் வராதீர்கள்’ என்று வழிநெடுகப் பலகை நட்டு வைத்திருக்கும் ஒரு பூமி. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் இருக்கிறது நார்தர்ன் டெரிட்டரி. சிட்னியில் குடியிருக்கும் தங்கை, அவள் கணவர், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா, நான். ஜூலை மாதப் பள்ளி விடுமுறை. டார்வினில் ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்து, கக்காடு, கேத்ரின் வழியாகப் போய், பிறகு மேற்கே திரும்பி, மாநில எல்லை தாண்டி குனனுரா வரை போனோம். ஆஸ்திரேலியா என்றாலே ஓபரா ஹவுஸும் கிரிக்கெட்டும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அந்த நாட்டின் தலைப்பகுதி வெப்பமண்டலம் என்பது உறைப்பதில்லை. சிட்னியில் ஸ்வெட்டர் போட்டு விமானம் ஏறிய பிள்ளைகள் டார்வினில் இறங்கும்போது முப்பது டிகிரி வெயில். இந்திய நேரத்தைவிடச் சரியாக நான்கு மணி நேரம் முந்திய ஊர் என்பதால் அம்மா கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை. நாலைக் கூட்டிக்கொண்டார்.

முதல் தடை கடற்கரையிலேயே வந்தது. டார்வின் கடல் அத்தனை அழகு. மண்ணைத் தொட்டதும் நீலம் பச்சையாகிறது. ஆனால் தண்ணீரில் ஒரு ஆள் இல்லை. அக்டோபர் முதல் மே வரை ஆளைக் கொல்லும் சொறி மீன்கள் வரும். முதலைக்கு மாதக் கணக்கே கிடையாது.

“பெரியம்மா, குளிக்கக் கூடாதுன்னா கடல் எதுக்கு?” என்றான் சின்னவன்.

“பாக்கத்தான் ராசா” என்றார் அம்மா.

வடநெம்மேலி முதலைப் பண்ணையில் நீங்கள் பார்த்திருக்கும் உப்புநீர் முதலைதான் இங்கேயும். ஒரு காலத்தில் தோலுக்காக வேட்டையாடி, ஏறக்குறைய மூவாயிரம் மட்டுமே மிச்சம் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1971-ல் வேட்டைக்குத் தடை வந்தது. இன்று சுமார் ஒரு லட்சம் இருக்கின்றன. டெரிட்டரியின் மக்கள்தொகையே சுமார் இரண்டரை லட்சம்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கணக்குப் புரியும். டார்வின் அருங்காட்சியகத்தில் ‘ஸ்வீட்ஹார்ட்’ என்று செல்லப் பெயர் பெற்ற 5.1 மீட்டர் முதலையைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். மீன்பிடிப் படகுகளின் மோட்டாரைக் கண்டால் அதற்கு ஆகாது. கடித்துக் குதறிவிடும். வேறிடத்துக்குக் கொண்டுபோவதற்காக 1979-ல் பிடித்தபோது செத்துப்போனது. பெயர் வைத்தவரின் குறும்பை நினைத்துப் பிள்ளைகள் வழியெல்லாம் சிரித்தார்கள்.

தடை நிரந்தரமல்ல என்பதை லிட்ச்ஃபீல்ட் பூங்காவில் கண்டோம். மழைக்காலத்தில் வெள்ளத்தோடு முதலைகள் அருவிக் குளங்களுக்குள் வந்துவிடும். மழை நின்றதும் வனக்காவலர்கள் ஒவ்வொரு குளமாகத் தேடிப் பார்த்து, கூண்டு வைத்துப் பிடித்து அகற்றிய பிறகே குளிக்கலாம் என்று பலகையை மாற்றுகிறார்கள். புயூலி குளங்களில் ஆசை தீரக் குளித்தோம். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கியதைப் படம் எடுக்க எனக்குத்தான் தடை விதிக்கப்பட்டது.

அதே பூங்காவில் ஒரு சமவெளி முழுக்கக் கரையான் புற்றுகள். தட்டையாக, ஆளுயரம் தாண்டி, எல்லாம் ஒரே திசையில், வடக்கு தெற்காக நிற்கின்றன. மழைக்காலத்தில் அந்தத் தரை நீரில் மூழ்கிவிடுவதால் வெயிலுக்குக் கரையான்கள் மண்ணுக்கடியில் ஒதுங்க முடியாது. ஆகவே காலை வெயிலும் மாலை வெயிலும் அகலப் பக்கத்தில் படவும், உச்சி வெயில் விளிம்பில் மட்டும் விழவுமாகக் கட்டுகின்றன. புற்றைக் கண்டதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். “ஆச்சி, உள்ளே பாம்பு இல்லை, கரையான்தான்” என்று பேரன் விளக்கினான். “இருக்கட்டும்ல, அதுவும் உசுருதானே” என்றார்.

கக்காடு தேசியப் பூங்கா கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். 1981-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். இயற்கைக்கும் பண்பாட்டுக்கும் சேர்த்தே அந்தப் பட்டியலில் ஏறிய இடங்கள் உலகில் அதிகமில்லை. இதன் எல்லையை ஒட்டிய மஜெட்பெபே பாறை ஒதுங்கிடத்தில் மனிதர் வாழ்ந்த தடயங்களுக்கு 65,000 ஆண்டு வரை வயது சொல்கிறது 2017-ல் வந்த ஆய்வு. பினிஞ், முங்குய் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் இந்த மண்ணின் மக்களுக்கு ஆண்டு ஆறு பருவம். கார், கூதிர் என்று ஆறாகப் பகுத்த தமிழருக்கு இதில் வியப்பு இருக்காது. வெள்ளைக்காரர்கள் வந்து அதை ஈரம், வறட்சி என்று இரண்டாகச் சுருக்கிவிட்டார்கள். நாங்கள் போனது வுர்கெங், குளிர்ப் பருவம். குளிர் என்பது அவர்கள் கணக்கில்தான். அம்மா சால்வையைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

இந்தப் பருவத்தில் சாலையோரமெல்லாம் புல் கருகிக் கிடக்கும். காட்டுத்தீ என்று பதறிவிட்டோம். இல்லை, அவர்களே வைக்கும் தீ. புல் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே சின்னச் சின்னத் துண்டாக எரித்துவிட்டால், செப்டம்பர் வெயிலில் பெருந்தீ பரவ வழியிருக்காது. தீயின் மேலே கள்ளப்பருந்துகள் வட்டமிட்டன. நம் ஊர் மீன் சந்தைகளின் மேலே சுற்றுகிற அதே இனம். தப்பியோடும் பூச்சிகளுக்காகக் காத்திருக்கின்றன. எரியும் குச்சியைக் கவ்விக்கொண்டுபோய் வேறு இடத்தில் போட்டுத் தீயைப் பரப்பவும் செய்யும் என்று இந்த மக்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அதை நேரில் கண்டவர்களின் சாட்சியங்களைத் திரட்டி ஓர் ஆய்விதழ் வெளியிட்டது 2017-ல்தான்.

உபிர் பாறை ஓவியங்களுக்கு ஒரு முழு நாளும் போதாது. எலும்பும் குடலும் வெளியே தெரிய வரைந்த மீன்கள், ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன தைலசின் என்னும் வரிவிலங்கு, பிற்காலத்தில் வந்த பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். என்னை நிறுத்தி வைத்தது நமர்கார்ன் சகோதரிகளின் ஓவியம். அக்காளும் தங்கையும் தண்ணீருக்குள் முதலை உருவெடுத்து ஒருவரையொருவர் பயமுறுத்தி விளையாடி, கடைசியில் முதலைகளாகவே இருந்துவிடுகிறார்கள். பிள்ளைகளைத் தண்ணீரோரம் போகவிடாமல் தடுக்கச் சொல்லும் கதை இது. டார்வின் கடற்கரையில் அரசாங்கம் நட்ட பலகையைவிட இது பல மடங்கு மூத்த பலகை. சொல்லும் விதத்திலும் இதுதான் மேல். பலகையைப் பார்த்து முகம் சுளித்த சின்னவன், கதை கேட்டபின் ஓடைப் பக்கம் தானாகவே ஒதுங்கி நடந்தான்.

உபிரிலிருந்து சிறிது தூரத்தில் கேஹில்ஸ் கிராசிங். ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றின் குறுக்கே தரைப்பாலம். அலை ஏறும்போது மீன்கள் பாலத்தைத் தாண்டும். அவற்றுக்காக முதலைகள் வரிசையில் நிற்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்னெம் லேண்ட். அது பூர்வகுடி மக்களின் நிலம். அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியார் நுழையக் கூடாது. எங்களிடம் இல்லை. இக்கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். எனக்கு இதில் குறையே இல்லை. வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு உள்ளே போவதில் என்ன சிரமம்?

கேட்காமல் போனவர்களின் கதையும் உண்டு. கக்காட்டின் தெற்குப் பகுதியை ஜாவொய்ன் மக்கள் நோய்நிலம் என்பார்கள். அங்கே பூமிக்கடியில் பூலா என்னும் ஆதி சக்தி இருக்கிறது, கிளறினால் நோயும் அழிவும் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பள்ளத்தாக்கில்தான் 1950களிலும் 60களிலும் யுரேனியம் தோண்டினார்கள். பிறகு கொரோனேஷன் ஹில் என்னும் குன்றில் தங்கத்துக்காக மறுபடி தோண்டக் கிளம்பியபோது, பிரதமர் பாப் ஹாக்கின் அரசு 1991-ல் மறுத்துவிட்டது.

வடக்கே மிரார் மக்களின் நிலத்தில் ரேஞ்சர் சுரங்கம் நாற்பது ஆண்டு யுரேனியம் எடுத்து 2021 ஜனவரியில் நின்றது. பக்கத்து ஜபிலுக்காவில் இன்னொரு சுரங்கம் வராமல் தடுக்க 1998-ல் பெரிய மறியல் நடந்தது. முன்னின்ற மூத்த உரிமையாளர் இவான் மார்கருலா மீது சொந்த மூதாதையர் நிலத்தில் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு அவருக்கும் ஜாக்கி கட்டோனாவுக்கும் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 2011-ல் ஃபுகுஷிமா அணு உலை வெடித்தபோது, தங்கள் மண்ணின் யுரேனியமும் அங்கே போயிருக்கிறதே என்று வருந்தி ஐ.நா. பொதுச்செயலாளருக்குக் கடிதம் எழுதியவரும் மார்கருலாதான். ஜபிலுக்கா குத்தகையை நீட்டிப்பதில்லை என்ற முடிவு 2024-ல் வந்தது. தோண்டாதே என்று சொன்னவர்கள் அதைக் கேட்கவைக்க எடுத்துக்கொண்ட காலம் இது.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் 130 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி உண்டு. எதிரே மூன்று பெட்டி கோத்த லாரி வரும். ‘ரோடு டிரெயின்’ என்கிறார்கள். 53.5 மீட்டர் வரை நீளம். கடந்து போகும்போது நம் வண்டி ஒரு குலுக்குக் குலுங்கும். பொழுது சாய்ந்தபின் ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. கங்காருவும் கட்டில்லா மாடுகளும் அந்நேரம்தான் சாலைக்கு வரும். “மாப்பிள்ளை, வெளக்கு வைக்குறதுக்குள்ள போயிருவோம்லா?” என்பது அம்மாவின் தினசரிக் கேள்வி. “போயிரலாம் அத்தை” என்பது தினசரி பதில்.

தங்கியதெல்லாம் கேரவன் பார்க்குகளில். பொதுச் சமையலறை உண்டு. ஆஸ்திரேலியர்கள் பாரமுண்டி, பாரமுண்டி என்று கொண்டாடும் மீனைக் கேத்ரினில் வாங்கிப் பிரித்தால், “இது நம்ம கொடுவால்லா!” என்றார் அம்மா. கொடுவாயேதான். அன்றைக்கு வைத்த குழம்பின் வாசத்துக்குப் பக்கத்து கேரவனிலிருந்து ஒரு வயதான தம்பதி தட்டோடு வந்துவிட்டார்கள். இந்தப் பயணத்தில் அம்மா வாங்கிய ஒரே ஆங்கிலப் பாராட்டு ‘வெரி குட்’. மூன்று முறை சொன்னார்கள் என்று இன்றும் தூத்துக்குடியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேற்கே டிம்பர் கிரீக் அருகில் வயிறு பெருத்த போவப் மரங்கள் தொடங்குகின்றன. மன்னாரில் நிற்கும் பெருக்க மரத்தின் சொந்தக்காரர்கள். ஒரு மரத்தில் 1856 ஜூலை 2 என்று தேதி செதுக்கியிருக்கிறது. அகஸ்டஸ் கிரிகரி என்னும் நில ஆய்வாளரின் குழு விட்டுப்போன அடையாளம். இதே டிம்பர் கிரீக் மக்கள் தங்கள் நில உரிமை பறிபோனதற்காக வழக்காடி, பண்பாட்டு இழப்புக்கும் சேர்த்து இழப்பீடு பெற்றார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் 2019-ல் அளித்த தீர்ப்பு அது. மரத்தில் பெயர் வெட்டுவது நமக்கும் பழக்கமான கலை என்பதால் பிள்ளைகளைத் தள்ளியே நிற்கவைத்தேன்.

கடைசித் தடை மாநில எல்லையில். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வெளியிலிருந்து பழம், காய்கறி, தேன் எதையும் கொண்டுபோகக் கூடாது. பூச்சியும் நோயும் பரவும் என்று சாவடியில் வண்டியைச் சோதிக்கிறார்கள். டார்வின் சந்தையில் தேடிப் பிடித்து வாங்கி, ஈரத்துணியில் சுற்றி அம்மா பாதுகாத்துவந்த கறிவேப்பிலை அங்கே குப்பைத்தொட்டிக்குப் போனது. சோதித்த பெண் மிகவும் மரியாதையாக வருத்தம் தெரிவித்தார். அம்மாவுக்கு முதலையைவிட இது பெரிய துக்கம். எல்லை தாண்டியதும் மணி ஒன்றரை மணி நேரம் பின்னால் போனதால், கடிகாரக் கணக்கும் குழம்பி, குனனுரா வரை யாரோடும் பேசவில்லை.

போக நினைப்பவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போங்கள். மழைக்காலத்தில் பல சாலைகளை மூடிவிடுவார்கள். குடிதண்ணீரை ஆளுக்குக் கணக்குப் போட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிலையத்தைக் கண்டால், தொட்டி பாதி இருந்தாலும் நிரப்புங்கள். பெரியவர்களைக் கூட்டிப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோடரி படக் கூடாத கோயில்காடு, மீன் பிடிக்கக் கூடாத ஊருணி, செருப்போடு ஏறக் கூடாத மலை என்று உங்கள் ஊரிலும் பெரியவர்கள் சொல்லிவைத்த இடம் இருக்கும். என்ன தடை, ஏன் வந்தது, யார் சொன்னார்கள், இன்றும் யாராவது கேட்கிறார்களா என்று விசாரித்து இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம். படம் இருந்தால் நல்லது. படம் எடுக்கக் கூடாத இடம் என்றால் எழுத்து மட்டும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்